கையில் ஐந்தே பாயிண்ட்: பேசவா, பாஸா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் வாரக் கடைசியில் நாலு பேராக உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் கேட்டவை இவை. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு அணியாகி, ‘இத்தனை ட்ரிக் (சுற்று) எடுப்போம்’ என்று ஏலம் பேசி ஆடும் சீட்டாட்டம் இது. பேசுவது என்றால் ஏலம் சொல்வது; 1 ஹார்ட் என்றால் ஹார்ட் ஜாதியைத் துருப்பாக (மற்றவற்றை வெட்டும் ஜாதியாக) வைத்து ஏழு ட்ரிக். பதில்கள் ஐந்து சீட்டு மேஜர் (ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ ஓப்பன் பண்ண, அதாவது ஏலத்தை ஆரம்பிக்க, அதில் ஐந்து சீட்டு வேண்டும்), 15–17 நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்; 1 நோ டிரம்ப் ஓப்பனுக்கு 15–17 பாயிண்ட்), பலமான 2 கிளப் (மிகப் பெரிய கைக்கு) என்ற முறைக்கு. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1.

லாஸ்பேட்டையிலிருந்து: பார்ட்னர் 1-ல் ஓப்பன் பண்ணினால் 6 பாயிண்ட் இருந்தால்தான் வாய் திறக்கணும் என்கிறார்கள். 5 வைத்துப் பேசினால் என்ன, குடியா முழுகிவிடும்?

முதலில் அந்த 6 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மேஜரிலோ நோ டிரம்பிலோ கேம் (பெரிய போனஸ் தரும் அளவு ஏலம்) போக இரண்டு கையும் சேர்ந்து சுமார் 25 வேண்டும். 1-ல் ஆரம்பிக்கிறவரிடம் 19-க்கு மேல் இருப்பது அபூர்வம். அதைவிடப் பெரிய கையை 2 கிளப்பிலோ 2 நோ டிரம்பிலோ ஆரம்பித்திருப்பார். 19-உம் 6-உம் 25. அவ்வளவுதான் கணக்கு.

5 வைத்துப் பாஸ் சொன்னதாலும் பெரிய நஷ்டம் இல்லை. சீட்டுக் கட்டில் மொத்தம் 40 பாயிண்ட். பார்ட்னரிடம் 13, உங்களிடம் 5 என்றால் எதிரிகளிடம் 22. நாலாவது ஆள் பெரும்பாலும் சும்மா விடமாட்டார்.

வினை வருவது நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையில் இல்லை, பார்ட்னரின் அடுத்த வார்த்தையில். நீங்கள் பேசிவிட்டால் உங்களிடம் 6 இருக்கிறது என்று நம்பி அவர் ஏறுவார். அதனால் பாயிண்ட் எண்ணி முடித்ததும் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் அடுத்து எதைச் சொன்னாலும் இந்தக் கை தாங்குமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து: 1 ஹார்ட்டுக்கு எதிரே இரண்டு கை, இரண்டிலும் 5 பாயிண்ட். ஒன்றில் பேசு, இன்னொன்றில் பாஸ் என்றார்கள். அது எப்படி சார்?

முதல் கை: ஸ்பேட் 8, ஹார்ட் ராணி 9 6 4, டைமண்ட் ராஜா 8 7 5 3, கிளப் 7 4 2.

இரண்டாவது: ஸ்பேட் ராணி 8 6 4, ஹார்ட் 7, டைமண்ட் ராஜா 9 5 3, கிளப் 7 5 4 2.

முதல் கையில் துருப்பு நாலு. பார்ட்னரிடம் குறைந்தது ஐந்து இருக்கும், ஆக ஒன்பது. ஒற்றை ஸ்பேடுக்கு 3 சேர்த்தால் கை 8 ஆகிவிடுகிறது. தயங்காமல் 2 ஹார்ட். பார்ட்னர் ஒரு ஸ்பேடைத் தோற்றுவிட்டு, மீதி ஸ்பேடுகளை உங்கள் குட்டித் துருப்புகளால் வெட்டிக்கொள்வார். நாலு துருப்போடு ஒற்றைக்கு 3, ஒன்றுமே இல்லாத ஜாதிக்கு 5, இரட்டைக்கு 1 என்று சேர்ப்பது வழக்கம்.

இரண்டாவது கையிலும் ஒற்றைச் சீட்டு உண்டு. ஆனால் அது பார்ட்னரின் ஜாதியிலேயே. அதற்கு ஒன்றும் சேர்க்கக் கூடாது. ‘ஹார்ட் பிடிக்கவில்லை, 1 ஸ்பேட் சொல்லித் தப்பிக்கலாம்’ என்று தோன்றும். பார்ட்னரின் கை சுமாரானது என்றால் அவர் 2 ஹார்ட் சொல்வார். அதே துருப்பு, ஒரு படி மேலே. 16, 17 இருந்தால் 3 ஹார்ட். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பாஸ் சொல்லி 1 ஹார்ட்டில் நிற்பதே மலிவு.

முத்தியால்பேட்டையிலிருந்து: 1 கிளப்புக்கு 4 பாயிண்டில் யாராவது பேசுவார்களா?

கையைப் பொறுத்தது. ஸ்பேட் ராஜா ஜாக்கி 9 7 4. ஹார்ட் 8 5. டைமண்ட் 9 6 4 3. கிளப் 6 2. நான் 1 ஸ்பேட் சொல்வேன், வல்னரபிளாக (தோற்றால் அபராதமும் ஜெயித்தால் பரிசும் கூடும் நிலையில்) இல்லாதபோது. பார்ட்னரின் கிளப் மூன்றே சீட்டாகவும் இருக்கலாம், உங்களிடம் இருப்பது இரண்டு. பாயிண்ட் எல்லாம் ஐந்து சீட்டு ஜாதியிலேயே கூடியிருக்கிறது. அவர் 1 நோ டிரம்ப் என்றால் 2 ஸ்பேட் சொல்லி நிறுத்தலாம். 2 கிளப் என்றால் பாஸ். 2 நோ டிரம்ப் என்று 18–19 காட்டினாலும் பாஸ்தான், அப்போது கொஞ்சம் வியர்க்கும். அதே ஸ்பேட் 9 7 6 4 2 ஆக இருந்து, ராஜா வேறெங்கோ தனியாக உட்கார்ந்திருந்தால் வாயே திறக்க வேண்டாம்.

நெய்வேலியிலிருந்து: பார்ட்னர் 1 நோ டிரம்ப். என்னிடம் 3 பாயிண்ட், ஹார்ட் ஐந்து. பாவம் என்று பாஸ் சொன்னேன். தப்பா?

தப்புதான். 2 டைமண்ட் சொல்லுங்கள் (டிரான்ஸ்ஃபர்: ‘என்னிடம் ஹார்ட் ஐந்து, நீங்கள் 2 ஹார்ட் சொல்லுங்கள்’ என்று பொருள்), அவர் 2 ஹார்ட் சொல்வார், அங்கே பாஸ். நோ டிரம்பில் உங்கள் 9-உம் 8-உம் காகிதம். கைக்குள் வர வழியே கிடைக்காது. ஹார்ட் துருப்பானால் அதே சீட்டு இரண்டு மூன்று ட்ரிக் எடுக்கும். ஐந்து சீட்டு மேஜர் இல்லாத சமமான கை, 7 வரை என்றால் பாஸ்.

கோரிமேட்டிலிருந்து: எதிரி 1 ஹார்ட், பார்ட்னர் டபுள், அடுத்தவர் பாஸ். என் கையில் ஒரு படம்கூட இல்லை. பாஸ் சொன்னதற்குப் பார்ட்னர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

அவர் கோபம் நியாயம். அந்த டபுள், ‘ஹார்ட் தவிர உன் ஜாதியைச் சொல்’ என்று கேட்பது; நீங்கள் பாஸ் சொன்னால் எதிரி 1 ஹார்ட்டை இரட்டிப்பு ஸ்கோருக்கு ஆடுவார். மற்ற இடங்களில் பலவீனம் என்றால் பாஸ். இங்கே மட்டும் பாஸ் என்றால் ‘என்னிடம் ஹார்ட் குவிந்திருக்கிறது, தண்டிப்போம்’ என்று பொருள். கை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குப் பேசியே ஆக வேண்டும். 1 ஹார்ட் டபுளில் எதிரி ஏழு ட்ரிக் எடுத்தாலே 160. அதற்கு மேல் ஒவ்வொரு ட்ரிக்குக்கும் 100, வல்னரபிள் என்றால் 200. ஒன்பது எடுத்தால் 360 அல்லது 560.

ஸ்பேட் 8 6 3. ஹார்ட் 9 7 5 2. டைமண்ட் 8 4 3. கிளப் 10 6 5 என்ற கண்ணராவிக்கும் பதில் உண்டு: 1 ஸ்பேட், மூன்று சீட்டிலேயே. 1 நோ டிரம்ப் சொல்லாதீர்கள், அதற்கு 6 பாயிண்டும் ஹார்ட்டில் தடுப்பும் வேண்டும். நடுவில் இருப்பவர் ஏதாவது பேசிவிட்டால் மட்டும் உங்களுக்கு விடுதலை.

அதே நபர்: பலமான 2 கிளப்புக்கு எதிரே பூஜ்யம் என்றால்?

2 டைமண்ட். அது டைமண்டைக் காட்டுவதில்லை, ‘மேலே சொல்லுங்கள்’ என்பதுதான். பாஸ் என்ற சொல்லே அங்கே கிடையாது.

கடலூர் முதுநகரிலிருந்து: பார்ட்னர் 1-ல் ஓப்பன் பண்ணி, வலது பக்கத்தவர் குறுக்கே ஒரு ஜாதி சொன்னால்?

நிம்மதியாகப் பாஸ். பார்ட்னருக்கு இன்னொரு வாய்ப்பு எப்படியும் வரும்; ஒல்லிக் கையோடு நீங்கள் வலியப் போய்ப் பேச வேண்டாம். அவர் ஜாதிக்கு ஆதரவு இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

வில்லியனூரிலிருந்து: பலவீன 2 ஸ்பேட் ஓப்பன். என்னிடம் 4 பாயிண்ட், ஸ்பேட் மூன்று. கேம் இல்லையே, எதற்குப் பேசணும்?

கேமுக்காக இல்லை, வழி மறிக்க. பலவீன 2 ஸ்பேட் என்றால் அவரிடம் ஸ்பேட் ஆறு; ஆறும் மூன்றும் ஒன்பது துருப்பு. ஒன்பது இருந்தால் மூன்றாம் படி வரை போகலாம் என்பது பழகிய அளவுகோல். பார்ட்னரிடம் 8, உங்களிடம் 4 என்றால் எதிரிகளிடம் 28. அவர்கள் 4 ஹார்ட் ஆடினால் 420, வல்னரபிள் என்றால் 620. நீங்கள் 3 ஸ்பேடில் டபுளோடு இரண்டு குறைந்தால் 300. நீங்களே வல்னரபிள் என்றால் அது 500 ஆகிவிடும், அப்போது யோசியுங்கள். சொல்வதென்றால் உடனே சொல்ல வேண்டும். அவர்கள் பேசி இடம் பிடித்தபிறகு சொல்லிப் பயனில்லை.

லாஸ்பேட்டை நண்பரே மறுபடி: ரொம்ப நேரம் யோசித்துப் பாஸ் சொன்னேன். எதிரணி ஆட்சேபித்தார்கள். யோசிக்கவும் கூடாதா?

யோசிக்கலாம். ஆனால் நீண்ட யோசனைக்குப் பின் வரும் பாஸ், ‘என்னிடம் 5 இருக்கிறது’ என்று சத்தம் போட்டுச் சொன்ன மாதிரி. டூப்ளிகேட் (எல்லா மேஜையிலும் ஒரே சீட்டுகளை வைத்து ஆடும் போட்டி) விதி 16-இன்படி அந்தத் தயக்கத்தைப் பார்ட்னர் பயன்படுத்தக் கூடாது. அவர் அடுத்து எல்லையில் நிற்கும் ஒரு வார்த்தையைச் சொல்லி, அது எதிரணிக்குச் சேதமானால், நடுவர் ஸ்கோரைத் திருத்தலாம். சீட்டை அடுக்கும்போதே ‘1 கிளப் என்றால் இது, 1 ஹார்ட் என்றால் இது’ என்று முடிவு செய்துவிடுங்கள். பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் பாஸ் ஒரே வேகத்தில் விழ வேண்டும்.