மாமியாருக்கு எட்டாத மேல் சுருதி

சகோதரி, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வீட்டு ஜெபத்தில் 'சைலன்ட் நைட்' பாடும்போது, கடைசிக்கு முந்தின வரியில் உங்கள் மாமியார் குரல் எட்டாமல் நிறுத்திவிடுகிறார் என்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. ஸி மேஜர் சுருதியில் அந்தப் பாட்டின் மெட்டு, தாழ்ந்த ஸ்வரமான நடு ஸியிலிருந்து மேல் எஃப் வரை போகும்; அந்த எஃப் வருவது சரியாக அந்த வரியில்தான். கீபோர்டு வாசிக்கும் உங்கள் மகன் புதிதாக எதுவும் பழக வேண்டாம். கீபோர்டில் டிரான்ஸ்போஸை (மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதி) மைனஸ் 3, அதாவது மூன்று அரைச் சுருதி கீழே, வைத்துவிட்டு வழக்கம்போல வாசிக்கட்டும். ஏ மேஜராகி, உச்சி டியோடு நின்றுவிடும். என்ன, கடைசி வரி சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பத் தாழ்ந்துபோகும். அதைப் பெரியவர்களே பாடிவிடுங்கள் (காதுக்கும் நல்லது!). அப்புறம், கரண்ட் போய் வந்தால் பல கீபோர்டுகளில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.