சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஏற்காட்டில் வீடு வாங்கலாமா?

சிங்கப்பூர்க் குடியுரிமையும், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் இருக்கிறது, மே மாதம் வந்தபோது ஏற்காடு மனதில் ஒட்டிக்கொண்டது, காப்பித் தோட்டத்துக்குள் 20 சென்ட் இடத்தோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியிருப்பு வீடு தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த 20 சென்ட் இன்னும் காப்பித் தோட்டமாகவே பதிவில் இருந்தால் வாங்க முடியாது.

அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிப்படி ஓசிஐ அட்டைதாரர் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது. எஸ்டேட்டைப் பிரித்துப் போட்ட மனைகள் ஏற்காட்டில் நிறைய. புரோக்கர் வாயில் ‘ஃபார்ம் ஹவுஸ்’ என்று வந்தாலே உஷாராகிவிடுங்கள். பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் கேளுங்கள். தோட்டம் எந்த ஆணையால் மனையானது, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமமான ஹாகாவின் அனுமதி உண்டா என்பதையும் காகிதத்தில் பார்க்க வேண்டும். பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிபந்தனை பட்டா நிலம் என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும்: வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு அல்லது வெளிநாட்டிலிருந்து நேரடி வங்கிப் பரிமாற்றம். அந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக அவைதான் ஆதாரம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% தனி. வர முடியாவிட்டால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) உங்கள் சார்பில் ஒருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். இதை விட்டுவிட்டுப் பதிவு நாளில் தவிப்பவர்கள் உண்டு.

இனி வீடு. கோடை விழா சமயத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நவம்பரில், நாலு நாள் மழை விட்ட மறுநாள் போங்கள். மலையை ஒட்டிய பின்சுவர்தான் உண்மையைச் சொல்லும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை பெயின்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், சுவரில் ஏறுகிறது என்று பொருள். நகத்தால் அழுத்துங்கள், பூச்சு மாவாக உதிர்ந்தால் மேலே புது பெயின்ட் அடித்துப் பயனில்லை. சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே வடிகால் வெட்டி, தடுப்புச் சுவரில் நீர் வெளியேறும் துளைகள் வைத்தால்தான் தீரும். அலமாரியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள்.

கோடையில் கிணறு எந்த மட்டத்துக்குப் போகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பாதையும் முக்கியம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஏற்காடு ஊருக்குள் ஒண்டிக்கடைப் பக்கம் வாங்குவதும், நாகலூர் கிராமம் தாண்டி உள்ளே வாங்குவதும் இந்த மாதிரி நாளில் ஒன்றல்ல.

ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பூஞ்சணம்தான் முதலில் பிடிக்கும். நம்பிக்கையான ஆளை மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். காலை மூடுபனியில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும், வெயில் ஏறிய பிறகு 11 முதல் 3 மணி வரை திறக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது மெத்தையைச் சுவரில் சாய்க்காமல் நடு அறையில் நிமிர்த்தி வையுங்கள். ஃபிரிட்ஜைத் துடைத்து, கதவில் கட்டை செருகி, திறந்தே விடுங்கள். டேங்க் வால்வை மூடி, சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். கேமரா வேண்டுமென்றால் அதற்கு மட்டும் தனி லைன் இழுத்து, இடிக்குப் பாதுகாப்பாக எர்த்திங்கும் சர்ஜ் புரொடெக்டரும் போடச் சொல்லுங்கள்.