மூளை இல்லாத செடிக்கு எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

தொட்டியைச் சாய்த்துப் போட்டாலும் தண்டு மேலேயும் வேர் கீழேயும் திரும்பிவிடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் பெரும்பங்கு ஆக்சின் என்ற ஹார்மோனுக்கு உண்டு. அது எந்தச் செல்லில் குவிகிறது என்பதுதான் விஷயமே.

செல்சுவர்ப் பகுதியில் அமிலத்தன்மை அதிகம், பிஹெச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவு) சுமார் 5.5. அங்கே ஆக்சினில் ஒரு பங்கு மின்னூட்டமின்றி இருப்பதால் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். உள்ளே பிஹெச் 7-ஐ ஒட்டி இருக்கும். நுழைந்ததும் புரோட்டானை (நேர்மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அயனியை) இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகிறது; அப்புறம் தானாக வெளியே வர முடியாது. அதற்கு முக்கியமான கதவு ‘பின்’ வகைப் புரதங்கள். எனக்கு இதில் மிக அழகாகப் படுவது, தண்டுச் செல்களில் இந்தக் கதவுகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் மட்டுமே இருப்பதுதான். அதனால் ஆக்சின் செல் செல்லாக, மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில் கீழே இறங்குகிறது.

சரி, வேரைப் படுக்க வைத்தால்? வேர்நுனிச் செல்களில் உள்ள ஸ்டார்ச் மணிகள் புதிய கீழ்ப்பக்கத்தில் போய் விழும். சில நிமிடங்களிலேயே பின் வகைப் புரதங்களில் ஒன்றான பின்3-உம் அந்தப் பக்கம் இடம்மாறும். ஆக்சின் வேரின் கீழ்ப்பக்கம் சேர, அங்கே செல்கள் நீள்வது குறைந்து வேர் கீழ்நோக்கி வளைகிறது. தண்டிலோ கீழ்ப்பக்கம் சேரும் அதே ஆக்சின் நீட்சியைக் கூட்டுவதால் அது மேல்நோக்கி வளையும்.

பூ முளைக்கும் இடமும் இப்படித்தான், ஆக்சின் எங்கே குவிகிறது என்பதை வைத்து முடிவாகிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில், பின் வகைப் புரதம் ஒன்றுக்கான பின்1 மரபணு செயலிழந்தால் பூந்தண்டு கிட்டத்தட்ட வெறும் குச்சியாக நிற்கும். அதன் நுனியின் பக்கவாட்டில் துளி ஆக்சின் வைத்தால், வைத்த இடத்தில் பூமொட்டு கிளம்பும்.