வாசகர் கேள்விகள்: சைக்கிளும் சீண்டலும்

சென்ற இதழில், இரவில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓடுபவர்களைச் சற்றுக் கடிந்து எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, விளக்கும் மணியும் வைத்துக்கொண்டு ஒழுங்காக ஓடுபவர்களை வீதி எப்படி நடத்துகிறது என்று என்னையே திருப்பிக் கேட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் கோண்டாவிலிலிருந்து திருநெல்வேலிக்கு மாலை வகுப்புக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். கடந்த மாதம் வகுப்பு முடிந்து பலாலி வீதியால் திரும்பிக்கொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த இருவரில் ஒருவன் என் முதுகில் ஓங்கி அடித்தான். இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ஹான்டில் ஆடி, விழாமல் தப்பியது பெரும் புண்ணியம். வீட்டில் சொன்னால் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து இன்னும் சொல்லவில்லை. பொலிஸில் சொன்னால் "பகிடிதானே" என்று அனுப்பிவிடுவார்களோ?
— மாணவி, கோண்டாவில்

பதில்: முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம், பிள்ளை. ஓடும் சைக்கிளில் இருப்பவரின் முதுகில் அடிப்பது பகிடி அல்ல. பின்னால் ஒரு வான் வந்திருந்தால் அது மரணத்தில் முடிந்திருக்கும். ஒரு பெண்ணை இவ்வாறு தொட்டும் தாக்கியும் சொல்லாலும் செயலாலும் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவது, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ், 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். முறைப்பாட்டை எழுதுபவர் முகத்தைச் சுழித்தால், இந்தப் பிரிவின் இலக்கத்தை நிதானமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பேனா அசையத் தொடங்கும்.

இனி, அந்த நிமிடத்தில் செய்யவேண்டியதைப் பற்றி. அடி விழுந்தவுடன் கை தானாகவே முன் பிரேக்கை இறுக்கப் பார்க்கும். முதலில் தவிர்க்கவேண்டியது அதுதான். இரண்டு கைகளாலும் ஹான்டிலைப் பிடித்து, முழங்கைகளைச் சற்றுத் தளரவிட்டு, கண்ணைத் தூரத்தில் வைத்து இரண்டு மூன்று உழக்கு உழக்கினால் சைக்கிள் தானே நேராகிவிடும். அதன் பிறகு முகத்தைப் பார்க்க வேண்டாம். முகம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும், பார்க்கவேண்டியது இலக்கத்தகட்டைத்தான். நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றரிலும் அவர்கள் 40 கிலோமீற்றரிலும் போனால், மூன்று வினாடிக்குள் அவர்கள் உங்களைவிட ஏறக்குறைய 20 மீற்றர் முன்னால் போய்விடுவார்கள். மங்கல் வெளிச்சத்தில் அதற்குமேல் தகடு தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் பிடிக்க முயலாமல், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பிடித்து, வாய்விட்டு, கூச்சப்படாமல், நின்று எழுதும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போங்கள். மனதுக்குள் சொன்ன இலக்கம் அடுத்த சந்திக்குள் மாறிவிடுகிறது என்பதை என் சொந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஒருமுறை 47ஐ 74 ஆக எழுதிக்கொடுத்து, பாவம், யாரோ ஒரு தபால்காரரைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்க வைத்துவிட்டேன்.

துரத்திப் போகவே வேண்டாம். சைக்கிளால் மோட்டார் சைக்கிளைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் அங்கே இருவர், இங்கே ஒருவர். பக்கத்தில் திறந்திருக்கும் கடையில் இறங்கி, நேரம், எந்தச் சந்தியைத் தாண்டியபோது, எந்தக் கடைக்கு முன்னால், வண்டியின் நிறம், பின்னிருந்தவரின் சட்டை ஆகியவற்றைக் கொப்பியின் பின் தாளில் எழுதிவிடுங்கள். பரமேஸ்வராச் சந்தியிலிருந்து கோண்டாவில் வரை எத்தனையோ கடைகளில் கமரா பூட்டியிருக்கிறார்கள். அவற்றின் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடுவதால், முறைப்பாட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. உடனடி உதவிக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கவும், எழுதியதை வாசித்துப் பார்த்த பின்பே கையொப்பமிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

உங்கள் விடயத்தில் ஒரு மாதம் கடந்துவிட்டது, இலக்கமும் கையில் இல்லை. ஆனாலும் சொல்லுங்கள். ஒரே வீதியில் ஒரே நேரத்தில் நடப்பதாக மூன்று பேர் முறையிட்டால், அந்த நேரத்தில் அங்கே ஒரு காவலரை நிறுத்தும்படி கேட்பதற்கு அது போதும். வகுப்பில் விசாரித்துப் பாருங்கள், நீங்கள் மட்டும் அடி வாங்கியிருக்க மாட்டீர்கள்.

வீட்டில் சொல்வதுதான் கடினம் என்பது விளங்குகிறது. அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லும்போதே, நான்கு தோழிகள் சேர்ந்து வரப்போகிறோம், இன்ன நேரத்துக்கு வீட்டில் நிற்போம் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் சைக்கிளை நிறுத்தினால், அடித்தவன் கேட்காமலே அவனுக்கு வீதியை எழுதிக்கொடுத்தவர்களாகிவிடுவீர்கள்.

கேள்வி: மருதனார்மடத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணத்துக்கு 40 வருடமாகச் சைக்கிளில் போகிறேன். இப்போது பஸ்கள் பின்சில்லுக்கு அருகில் வந்து ஹோனை அழுத்திப் பிடித்து, என்னை மண்ணுக்குள் இறக்கிவிட்டே போகின்றன. ஜெர்மனியில் இருக்கும் மகன் அங்கே இதற்குச் சட்டம் இருப்பதாகச் சொல்கிறான். பஸ் வந்தால் சைக்கிள் இறங்கத்தான் வேண்டுமா?
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மருதனார்மடம்

பதில்: இறங்க வேண்டியதில்லை. சைக்கிளும் வீதியில் ஓட உரிமையுள்ள வாகனந்தான். இடதுபக்கமாக ஓடவேண்டியது உங்கள் கடமை, இடமிருக்கிறதா என்று பார்த்து முந்தவேண்டியது பின்னால் வருபவரின் கடமை. உங்கள் மகன் சொல்வது உண்மை. ஜெர்மனியில் 2020 இலிருந்து, சைக்கிளை முந்தும் மோட்டார் வாகனம் நகருக்குள் 1.5 மீற்றரும் நகருக்கு வெளியே 2 மீற்றரும் விலகிப் போகவேண்டும் என்று அளவே குறித்திருக்கிறார்கள். அந்த அளவு வீண் ஆடம்பரம் அல்ல. பஸ் நெருங்கும்போது அதன் முன்காற்று உங்களை வெளியே தள்ளுகிறது. அது கடந்துபோகும்போது பக்கக்காற்று உள்ளே இழுக்கிறது. ஒரு முழ இடைவெளியில் பஸ் போனால் அந்த இழுவைக்கு ஈடுகொடுக்க இடமே இல்லை.

ஆனால் நீங்கள் மண்ணுக்குள் இறங்குவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காபட் வீதிகளின் ஓரத்தைக் குனிந்து பார்த்திருப்பீர்கள். தார்ப்படைக்கும் மண்ணுக்கும் இடையே பல இடங்களில் நாலு விரல் உயரத்துக்குப் படி விழுந்திருக்கிறது. அதன் கீழே சல்லியும் மணலும். முன்சில்லு அதில் இறங்கிவிட்டால், ஓடிக்கொண்டே மெல்லச் சரித்து மேலே ஏற்றப் பார்ப்போம். அப்போது ரயர் அந்த விளிம்பை உரசிக்கொண்டே போகும், ஏறாது, உடம்பு மட்டும் வலப்பக்கம் சாய்ந்து வீதிக்குள் விழும்; அதாவது, எதற்குப் பயந்து இறங்கினோமோ அதன் சில்லுக்கு முன்னாலேயே விழுவோம். இறங்கிவிட்டால் நிறுத்தி, காலை ஊன்றி, சைக்கிளைத் தூக்கி மேலே வையுங்கள். அதைவிட நல்லது, தொடக்கத்திலிருந்தே விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே, வளையாமல் ஒரே கோட்டில் ஓடுவது. ஓரத்தோடு ஒட்டி ஓடுபவரைப் பார்க்கும் சாரதிக்கு, வேகத்தைக் குறைக்காமலே நெருங்கிப் போகலாம் என்று தோன்றும். சற்று உள்ளே நிற்பவரைக் கண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியே ஆகவேண்டும். வலது ஹான்டிலில் ஒரு சிறு கண்ணாடி பூட்டிக்கொண்டால், ஹோன் காதில் வெடிக்கும் முன்பே பஸ்ஸைக் கண்டுவிடலாம்.

பஸ்ஸைப் பற்றி முறையிடுவது மோட்டார் சைக்கிளைப் பற்றி முறையிடுவதைவிட இலகுவானது. அது நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே வழியால் வரும். தனியார் பஸ் என்றால் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் என்றால் அது புறப்படும் டிப்போவுக்கும், இலக்கத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். எழுதுவினைஞராக இருந்த உங்களுக்கு, பிரதி யாருக்கெல்லாம் இடவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: சீண்டுபவர்களின் முகத்தில் எறிய ஒரு சரையில் மிளகாய்த்தூள் வைத்திருக்கலாமா?
— கொக்குவில் வாசகர்

பதில்: நம்மூரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. சட்டம் இருக்கட்டும், முதலில் உங்கள் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிள்காரரையே குற்றம் சொல்கிறீர்கள். பள்ளிக்கூடம் விட்டால் மூன்று பேர், நான்கு பேர் வீதி நிறைய வரிசையாகப் போகிறார்கள். ஹோன் அடித்தால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதையும் எழுதுங்கள்.
— மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், சுன்னாகம்

பதில்: எழுதுகிறேன். ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும், திரும்புமுன் கை காட்டவேண்டும், கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடக்கூடாது. இவை எதிலும் எனக்கு உங்களோடு வழக்கில்லை. அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில், பெற்றோல் தடையால் ஊர் முழுவதும் சைக்கிளில் ஓடிய காலத்திலும், முன்னே போகும் பெண்பிள்ளைகளின் பின்னால் மணியை அடித்துக்கொண்டே வந்து சைக்கிளை உரசிய இளந்தாரிகள் இருந்தார்கள். சிலர் இப்போது பேரப்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பிழைகளின் விலை ஒன்றல்ல. அந்தப் பிள்ளைகள் வரிசை கட்டினால் உங்களுக்கு அரை நிமிடம் தாமதம். நீங்கள் உரசிப் போனால் அவர்களுக்குக் கை, கால். 2022 இல் எரிபொருள் இல்லாமல் போனபோது நீங்களும் சில வாரங்கள் சைக்கிள் ஓடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது பின்னால் வந்த ஹோன் உங்கள் காதில் எப்படி விழுந்தது?

கேள்வி: ரியூசன் வாசலில் நிறுத்தும் என் சைக்கிளின் காற்றை யாரோ வாரத்துக்கு இரண்டு தடவை திறந்துவிடுகிறார்கள். வால்வையும் கழற்றி எறிகிறார்கள். ஆரென்றும் தெரியும். என்ன செய்யலாம்?
— 10 ஆம் தர மாணவன், நல்லூர்

பதில்: ஆரென்று தெரிந்தால், அவனைத் தனியே கண்டு, "நீதான் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரே ஒரு தடவை, சத்தம் போடாமல் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் வகுப்பை நடத்தும் ஆசிரியரிடம் சொல்லி, சைக்கிள்களை அவர் கண் படும் பக்கத்தில் நிறுத்த இடம் கேளுங்கள். அவனுடைய சைக்கிளின் காற்றை நீங்கள் திறக்க வேண்டாம், இரண்டு பேரும் இருட்டில் உருட்டிக்கொண்டு போவீர்கள். அதுவரைக்கும் பையில் ஒரு மேலதிக வால்வும் ஒரு சிறிய கைப்பம்பும் இருக்கட்டும்.