நுவரெலியா குளிருக்கு பைக்கில் எந்த என்ஜின் ஒயில் ஊற்றுவது? மிஞ்சிய கார் ஒயில் சரிவருமா?

முதலில் பைக்கோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அதில் 10டபிள்யூ-30 என்று இருந்தால் அதுதான், 20டபிள்யூ-50 என்று இருந்தால் அதுதான். முன் இலக்கம் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், பின் இலக்கம் என்ஜின் சூடான பிறகு எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. நம்ம ஊர்க் குளிர் 20டபிள்யூவை மடக்கிவிடாது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முறுக்காமல் மெதுவாக ஓடத் தொடங்கினால் போதும். உண்மையான சோதனை ஏற்றத்தில்தான்: ரம்பொடையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போது என்ஜின் நன்றாகச் சூடேறும். குளிருக்குப் பயந்து கையேடு சொல்வதை விட மெல்லிய ஒயிலுக்கு இறங்குவது அதனால்தான் வீண் வேலை.

கார் ஒயில் வேண்டாம். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளச் தட்டுகள் என்ஜின் ஒயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது பட்டால் தட்டுகள் வழுக்கும். ஏற்றத்தில் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. போத்தலின் பின்பக்கம் ஜாசோ (JASO, ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள்; ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது அதுதான். எம்பி என்பது ஸ்கூட்டருக்கு. விலை கூடிய சிந்தெடிக் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஒயில் அளவு பார்க்க சமதளம் வேண்டும், வண்டி நேராக நிற்கவும் வேண்டும். லயத்து வாசல் சரிவில் பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும்.