கேள்வி-பதில்: அக்காவின் கணக்கு நோட்டு

கேள்வி: ‘27 டிரெஸ்ஸஸ்’ என்ற ஆங்கிலப் படத்தை டிவியில் பார்த்தேன். தாயில்லாத தங்கையைத் தாய் மாதிரி பார்த்துக்கொண்டவள் அக்கா. அவள் மனசுக்குள் வைத்திருந்த ஆளையே தங்கை வந்து கொத்திக்கொண்டு போகிறாள். அம்மாவின் கல்யாண உடையையும் வெட்டிப்போடுகிறாள். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரே ஒரு நாள் பொங்கியதற்காக, இரண்டு பேர் மேலும் தப்பு என்பது போல முடித்துவிட்டார்கள். மூத்தவள் என்றால் அவ்வளவு இளப்பமா? நானும் ஓர் அக்காதான். என் தங்கைக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். சரிதானே? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் தங்கைக்காக நீங்கள் செய்ததெல்லாம் வருஷ வாரியாக இருந்தது. அதைப் படித்ததும், படத்தை விட்டுவிட்டு உங்களோடுதான் சண்டை போட வேண்டும் போலத் தோன்றியது. ஆனாலும் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கொத்திக்கொண்டு போனாள் என்கிறீர்கள். யாருடைய பொருளை? அக்கா ஜேன் தன் முதலாளி ஜார்ஜை விரும்புகிறாள். அவருடைய வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் கேஸிக்குத் தெரியும், தங்கை டெஸ்ஸுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்தவள் ஓர் அழகான ஆளைப் பார்க்கிறாள், பேசுகிறாள், பிடித்துப்போகிறது. இதில் துரோகம் எங்கே இருக்கிறது? போர்டு வைக்காத நிலத்தில் ஒருத்தி நடந்துபோனதற்கு அத்துமீறல் வழக்கா?

டெஸ் பொய் சொல்கிறாள், அதை மறுக்கவில்லை. ஜார்ஜுக்குப் பிடிக்குமென்று தன்னைச் சைவம் என்கிறாள், நாய் என்றால் உயிர் என்கிறாள், இரண்டுமே புளுகு. ஆனால் அந்தப் புளுகெல்லாம் முதல் நாளிலிருந்தே ஜேனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கல்யாண வேலைகளை அவள்தான் ஓடியாடிச் செய்கிறாள். ஜார்ஜ் ஏமாறுகிறாரே என்ற கவலை உண்மையாக இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவள் வாய் திறப்பது எப்போது? அம்மாவின் கல்யாண உடையைத் தங்கை வெட்டி, அதில் கொஞ்சம் துணியை மட்டும் தன் புது உடையில் சேர்த்துக்கொண்டாள் என்று தெரிந்த பிறகு.

அந்த இடம் எனக்கும் வலிக்கிறது. தான் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று ஜேன் வருஷக் கணக்காக நினைத்திருந்த உடை அது. அம்மாவை அதிகம் நினைவில்லாத தங்கைக்கு அது பழைய துணி. அக்காவுக்கு அம்மாவே அதுதான். இந்தப் படத்தில் உண்மையான அக்கா தங்கை சண்டை அந்த ஒரு துணிக்காக நடப்பதுதான், ஜார்ஜ் வெறும் சாக்கு. அங்கேயே இரண்டு பேரும் கட்டிப்புரண்டு சண்டை போட்டிருந்தால், பேசாமல் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன்.

ஆனால் ஜேன் என்ன செய்கிறாள்? கல்யாணத்துக்கு முந்தைய விருந்து வரைக்கும் காத்திருக்கிறாள். ஜோடியைப் பாராட்டி ஸ்லைடு ஷோ போடும் பொறுப்பு அவளிடம். உட்கார்ந்து படம் படமாகத் தேடி எடுத்து, வரிசையாக அடுக்கி, மாப்பிள்ளையும் விருந்தாளிகளும் பார்க்கத் தங்கை இறைச்சி கடிக்கும் படத்தைத் திரையில் போடுகிறாள். பொங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்குகிறவளுக்குப் படங்களை வரிசைப்படுத்த எங்கே நேரம் இருக்கும்? நேரம் பார்த்து, ஆள் சேர்த்து, விளக்கை அணைத்துச் செய்த காரியம் அது. கேஸிகூட இதைத் தட்டிக்கொடுக்கவில்லை. அவள் பேச்சில் பாதி கிண்டல்தான், ஆனால் படத்திலேயே விவரமானவள் அவள்தான் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த 27 உடைகளுக்கு வருவோம். அமெரிக்கக் கல்யாணத்தில் மணப்பெண் தோழிக்குச் செலவு அதிகம். எந்தத் துணி, எந்த நிறம் என்று முடிவு செய்வது மணப்பெண். பணம் பெரும்பாலும் தோழியின் கையிலிருந்து. அன்றைக்கு உடுத்திய பிறகு அதை வேறெங்கும் உடுத்த முடியாது. ஜேன் 27 முறை தோழியாக நின்றவள். படத்தின் தொடக்கத்தில் ஒரே ராத்திரியில் இரண்டு கல்யாணம். ஓட்டுநருக்கு 300 டாலர் பேசி, கண்ணாடியில் பின்னால் பார்த்தால் பணத்தைக் குறைப்பேன் என்று மிரட்டி, டாக்ஸிக்குள்ளேயே உடை மாற்றுகிறாள். ஒரு கல்யாணத்தில் கவுன், இன்னொன்றில் புடவை. (புடவையை ஓடுகிற காரில் கட்டி அவிழ்த்தவளுக்கு ஓர் ஆஸ்கர் கொடுத்திருக்கலாம்.) கிமோனோ, கௌபாய் கோலம், தண்ணீருக்கடியில் நடந்த கல்யாணத்துக்கான முகமூடி என்று அத்தனையும் அலமாரியில் பிதுங்குகின்றன. ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை.

ஏன் போடவில்லை? அந்த அலமாரி அவளுடைய கணக்கு நோட்டு. இவளுக்கு இது செய்தேன், அவளுக்கு அது செய்தேன் என்று வரவு வைத்துக்கொண்டே வருகிறாள். கடன்பட்டவர்களுக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. கடைசியில் கடற்கரையில் ஜேனுக்குக் கல்யாணம் நடக்கும்போது அந்த 27 பேரும், தாங்கள் அவளை உடுத்த வைத்த அதே கோலங்களில் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் நெகிழ்ந்துபோகும் இடம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வட்டியோடு வசூல் செய்துவிட்டாள்!

படத்தை எழுதிய அலீன் ப்ராஷ் மெக்கென்னாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. 2006ல் வந்த ‘த டெவில் வேர்ஸ் பிராடா’வின் திரைக்கதையும் அவருடையதுதான். நல்ல பெண் என்ற பெயருக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று அதில் தயங்காமல் காட்டியவர், இங்கே பாதி வழியில் பயந்துவிட்டார். ஸ்லைடு ஷோவுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ள வேண்டிய பேச்சை அவசர அவசரமாக முடித்துவிட்டு, ஜேனைக் கடைசியில் கட்டிக்கொள்ளும் பத்திரிகைக்காரன் கெவின் பக்கம் ஓடிவிடுகிறார். இயக்குநர் ஆன் ஃப்ளெட்சரும் மழை, மதுக்கடை, பாட்டு என்று கலகலப்பாக்கிவிடுகிறார். அதில் அவர் கெட்டிக்காரர். சுமார் 3 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 16 கோடி டாலர் பார்த்த படம், குறை சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆக, உங்கள் புகாரில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரையும் சமமாக்கியதில் தப்பில்லை, உட்கார வைத்துப் பேச வைக்காமல் சமமாக்கியதுதான் தப்பு.

(கெவினைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேனைக் கிண்டலடித்து எழுதிய கட்டுரையை நிறுத்தி வையுங்கள் என்று அவன் கேட்டும், அவனுடைய ஆசிரியர் அதைப் போட்டுவிடுகிறார். எங்கள் தொழிலுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் படமல்ல இது. உங்கள் பெயரை நான் வெளியிடாததை இந்த இடத்தில் கவனிக்கவும்.)

‘27 டிரெஸ்ஸஸ்’ வந்த அதே 2008ல் ஜோனதன் டெம்மி இயக்கத்தில் ‘ரேச்சல் கெட்டிங் மேரிட்’ வந்தது. இதிலும் அக்கா தங்கை, இதிலும் கல்யாணம், வேடிக்கையாக இதிலும் தோழிகளுக்குப் புடவை. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கும் இடத்திலிருந்து அக்கா ரேச்சலின் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வருகிறாள் கிம். தலைமைத் தோழி யார் என்பதிலேயே முதல் சண்டை. இன்னொரு சண்டை உச்சத்தில் இருக்கும்போது ரேச்சல் திடீரென்று தான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்கிறாள். வீடே கொண்டாடுகிறது. கிம் மட்டும் இது அநியாயம் என்று கத்துகிறாள். வாதத்தில் தோற்கப்போகும்போது குழந்தைப் பேச்சை இறக்கிவிட்டாளே என்ற ஆத்திரம் அவளுக்கு. அவள் சொல்வதும் சரி, ரேச்சலின் சந்தோஷமும் நிஜம். கூடப் பிறந்தவர்களின் சண்டை எனக்குத் தெரிந்து இப்படித்தான் இருக்கும். அவளவள் கணக்கை எடுத்து வீட்டுக்குள்ளேயே மூஞ்சியில் விட்டெறிகிறாள், திரையெல்லாம் கட்டவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: ‘27 டிரெஸ்ஸஸ்’ படத்தைத் தங்கைக்குப் போட்டுக் காட்டாதீர்கள். ஜேன் செய்ததைத்தான் நீங்களும் செய்யப் பார்க்கிறீர்கள், உங்களுக்கு ஸ்லைடு போடும் வேலைகூட இல்லை. எனக்கு வருஷ வாரியாக எழுதினீர்களே, அதில் ஒன்றாவது அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அந்தக் கடிதம் தவறான விலாசத்துக்கு வந்திருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து படம் பார்த்தே தீர வேண்டும் என்றால் டெம்மியின் படத்தைப் பாருங்கள். காதல், காமெடி எதையும் எதிர்பார்க்க வேண்டாம், கனமான படம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் தாங்காது.