சுரைப்பிஞ்சு மஞ்சளாகி விழுது, கையால மகரந்தம் தடவியும் நிக்கல

கேள்வி: பெங்களூர் ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து பந்தல்ல சுரை போட்டிருக்கேன் சார். பூ நிறைய வருது, பிஞ்சு விரல் அளவுலயே மஞ்சளாகி உதிருது. தினம் காலைல 9 மணிக்கு ஆண் பூவை பறிச்சு பெண் பூவுல தடவுறேன், பிரயோஜனமில்ல.

பதில்: அண்ணா, உங்க உழைப்புல குறையே இல்ல, நேரம்தான் தப்பு. பூசணி விடிகாலைல பூக்கும், ஆனா சுரை சாயங்காலம் விரியுற வெள்ளைப்பூ, ராத்திரி அந்துப்பூச்சி வந்து வேலை பாக்கும், நீங்க 9 மணிக்கு போறப்ப பூ வாடி மகரந்தமும் சக்தி இழந்திருக்கும்.

மகரந்தம் ஒட்டினா மட்டும் காய் ஆகாதுண்ணா. பெண் பூ நடுவுல இருக்கிற சூல்முடில அது ஈரம் உறிஞ்சி முளைச்சு, மெல்லிசா ஒரு குழாய் விட்டு பிஞ்சுக்குள்ள இறங்கணும். அந்தக் குழாய் நுனியில மட்டும்தான் வளரும், நுனியில கால்சியம் கூடுதலா இருக்கும், எந்தப் பக்கம் நீளணும்னு அதுதான் திருப்பி விடுது. குழாயோட சுவர்ல பெக்டின்னு பசை மாதிரி ஒரு பொருள் இருக்கு, அதை போரான்ங்கிற நுண்சத்து சேர்த்துக் கட்டுது, போரான் பத்தலைன்னா குழாய் பாதில நின்னுடும் இல்ல நுனி வெடிச்சிடும். கடைசி கொஞ்ச தூரத்துக்கு, விதையா மாறப்போற சூலே குழாயைக் கூப்பிடும்ணா! நர்சரில தொட்டில விக்கிறாங்களே டொரேனியா, அந்தச் செடியிலதான் ஜப்பான்ல ஹிகாஷியாமா குழு 2009ல இதைக் கண்டுபிடிச்சாங்க, கருமுட்டைக்குப் பக்கத்து செல்லு லூர்னு சின்ன புரதத்தை கசிய விடுது, குழாய் அதைப் பிடிச்சு வந்து சேருது. எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். ஒவ்வொரு விதைக்கும் ஒரு குழாய் வரணும், விதை பிடிச்சாதான் ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் சுரந்து பிஞ்சு பெருக்கும், இல்லைன்னா செடியே அதை கழட்டி விட்டுடும்.

அதனால இன்னிக்கு சாயங்காலம் பூ விரிஞ்சதும், ஆறு ஆறரைக்கு போங்க, சூல்முடி மூணு பிரிவா இருக்கும், மூணுலயும் நல்லா தடவுங்க, ஒரு பக்கம் மட்டும் பட்டா காய் கோணிக்கும். 20 சதவீதம் போரான் இருக்கிற உரம் லிட்டர் தண்ணிக்கு 1 கிராம், அதுக்கு மேல வேணாம் இலை கருகும், மொட்டு பருவத்துல காலைல அடிங்க. சாயங்காலம் எந்த ஸ்ப்ரேயும் வேணாம், மகரந்தம் நனைஞ்சா வெடிச்சிடும், பூச்சிமருந்துன்னா அந்துப்பூச்சியும் செத்துடும். சொட்டுநீரை காய விடாதீங்க, மண்ணு காஞ்சா இருக்கிற போரானும் வேர்ல ஏறாது.

தடவுன பத்து பூவுக்கு நூல் கட்டி வைங்க, ஒரு வாரத்துல எத்தனை பிஞ்சு பெருத்திருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க.